மைலுக்குக் கட்டணம், நாளுக்கு வாடகை: லண்டன் குதிரை வண்டிகளின் கணக்கு

1634-ஆம் ஆண்டு லண்டனின் ஸ்ட்ராண்ட் சாலையில், மேபோல் என்னும் உயர்ந்த கம்பம் நின்ற இடத்துக்கு அருகே, கேப்டன் பெய்லி என்ற ஓய்வுபெற்ற கடலோடி நான்கு குதிரை வண்டிகளைக் கொண்டுவந்து நிறுத்தினார். ஓட்டிகளுக்குச் சீருடை கொடுத்தார். நகரின் எந்தப் பகுதிக்கு எவ்வளவு என்று முன்கூட்டியே விலை சொன்னார். அதுவரை வாடகை வண்டி வேண்டுமென்றால் லாயத்துக்கோ விடுதிக்கோ ஆள் அனுப்பி வரவழைக்க வேண்டும். பெய்லியின் வண்டிகளோ தெருவிலேயே சவாரிக்குக் காத்து நின்றன. சில நாட்களிலேயே மற்ற வண்டிக்காரர்களும் அதே இடத்துக்கு வந்து அதே விலைக்கு ஓட்டத் தொடங்கினார்கள். லண்டனின் முதல் வாடகை வண்டி நிறுத்தமாக வரலாறு குறித்து வைத்திருப்பது இதைத்தான்.

அங்கிருந்து 1947 வரை, முந்நூறு ஆண்டுகளுக்கு மேல், குதிரை பூட்டிய வாடகை வண்டிகள் அந்த நகரத்தில் ஓடின. உலகிலேயே மிக நுணுக்கமாகச் சட்டம் போட்டு முறைப்படுத்தப்பட்ட தெருத்தொழில்களில் இதுவும் ஒன்று. வண்டிகளின் எண்ணிக்கை, மைலுக்கான கட்டணம், ஓட்டி அணிய வேண்டிய வில்லை, குதிரைக்குத் தெருவில் தீனி வைக்கும் முறை என எல்லாவற்றுக்கும் விதி இருந்தது. ஆனால் ஒரேயொரு தொகையை மட்டும் சட்டம் நெடுங்காலம் ஏறெடுத்துப் பார்க்கவில்லை. வண்டியும் குதிரையும் சொந்தமில்லாத ஓட்டி, ஒவ்வொரு நாளும் உரிமையாளருக்குக் கட்ட வேண்டிய வாடகைதான் அது. பயணி தருவதற்கு உச்சவரம்பு இருந்தது, ஓட்டி கட்டுவதற்கு இல்லை. இந்த இரண்டுக்கும் நடுவில் விழுந்த பள்ளத்தை மனித உடம்பும் குதிரையின் உடம்புமே நிரப்பின என்பதுதான் இந்தக் கட்டுரை சொல்ல வருவது.

எண்ணிக்கைக்குப் பூட்டு

புதிய வண்டிகளை எல்லாரும் வரவேற்கவில்லை. தேம்ஸ் நதியில் ஆட்களை ஏற்றிச் சென்று பிழைத்த படகோட்டிகளுக்கு இவை வயிற்றில் அடித்தன. படகோட்டியும் கவிஞருமான ஜான் டெய்லர் 1623-இலேயே வண்டிகளைத் தாக்கி ஒரு நூல் எழுதியிருந்தார். அரசருக்கும் எரிச்சல் இருந்தது. 1636-இல் முதலாம் சார்லஸ் வெளியிட்ட ஆணை, நகரத்தை விட்டு மூன்று மைலாவது வெளியே போகும் பயணத்துக்கன்றி வாடகை வண்டிகள் தெருவில் ஓடக்கூடாது என்றது. தெருக்கள் நெரிசலாகின்றன, பாவிய கற்கள் உடைகின்றன, வைக்கோலும் தீனியும் விலை ஏறிவிட்டன என்பவை அதற்குச் சொல்லப்பட்ட காரணங்கள்.

ஆணை நிலைக்கவில்லை. தடை செய்ய முடியாததைக் கட்டுப்படுத்தலாம் என்ற முடிவுக்கு ஆட்சியாளர்கள் வந்தார்கள். மன்னராட்சி நீக்கப்பட்டிருந்த கிராம்வெல் ஆட்சியில் 1654-இல் வந்த சட்டம் 200 உரிமையாளர்களுக்கும் 300 வண்டிகளுக்கும் இடம் கொடுத்தது. முடியாட்சி திரும்பியபின் 1662-இல் 400 வண்டிகளுக்கு உரிமம் வழங்கப்பட்டது. 1694-இல் அது 700 ஆனது. இதற்கென்றே தனி ஆணையர்கள் நியமிக்கப்பட்டார்கள். 21 ஆண்டு உரிமத்துக்கு 50 பவுண்டு கட்ட வேண்டும், அதற்கு மேல் ஆண்டுக்கு 4 பவுண்டு. அரசின் கருவூலத்துக்கு இது நல்ல வரும்படி.

எண்ணிக்கைக்குப் பூட்டுப் போட்டால் உரிமத்துக்கே ஒரு விலை வந்துவிடும். உரிமம் கையில் உள்ளவர் ஓட்டத் தேவையில்லை, ஓட்டுகிறவர் உரிமம் வைத்திருக்க வழியில்லை. முதல் போட்டவர் வேறு, சாட்டை பிடித்தவர் வேறு என்று இந்தத் தொழில் இரண்டாகப் பிளந்ததற்கான வேர் இங்கேதான் இருக்கிறது.

அன்றைய வண்டிகள் பெரும்பாலும் பிரபுக்கள் கழித்துக் கட்டியவை. கதவில் பழைய குடும்பச் சின்னம் அழியாமல் இருக்கும். உள்ளே தரையில் வைக்கோல் பரப்பியிருக்கும். இரண்டு குதிரைகள் இழுக்கும் இந்தக் கனத்த வண்டிகளை 1830களில் இளம் சார்லஸ் டிக்கன்ஸ் தம் நகரச் சித்திரங்களில் விரிவாக எழுதியிருக்கிறார். அவர் எழுதும்போதே அவற்றின் காலம் முடிந்துகொண்டிருந்தது. 1823-இல் பாரிஸிலிருந்து காப்ரியோலே என்ற இலேசான ஒற்றைக் குதிரை வண்டி லண்டனுக்கு வந்தது. முதலில் 12 வண்டிகளுக்குத்தான் அனுமதி. பழைய வண்டியைவிட வேகம் அதிகம், கட்டணம் குறைவு. 1831-ஆம் ஆண்டுச் சட்டம் எண்ணிக்கை வரம்பையே நீக்கியது. விதிப்படி நடக்க ஒப்புக்கொண்டு, கட்ட வேண்டியதைக் கட்டுபவர் யாரும் வண்டி விடலாம் என்றானது.

ஹான்சமின் வண்டி

இந்தத் திறந்த சந்தையில்தான் லண்டனின் அடையாளமாகிப்போன வண்டி பிறந்தது. யார்க் நகரில் பிறந்த ஜோசப் ஹான்சம் ஒரு கட்டடக் கலைஞர். பர்மிங்காம் நகர மண்டபத்தை வடிவமைத்தவர். கட்டுமானத்துக்குப் பிணை நின்றதில் திவாலானார். 1834 டிசம்பரில் 'பாதுகாப்பு வண்டி' ஒன்றுக்குக் காப்புரிமை பெற்றார். வண்டியின் எடையைத் தாழ்வாக வைத்தால் வேகமாகத் திரும்பும்போது கவிழாது என்பது அவருடைய அடிப்படை யோசனை. 10,000 பவுண்டுக்கு உரிமையை விற்க ஒப்பந்தம் ஆயிற்று. அந்தத் தொகை அவர் கைக்கு வரவே இல்லை. பிற்பாடு அந்த நிறுவனத்தின் நிர்வாகச் சிக்கலைச் சீராக்கித் தந்ததற்கு 300 பவுண்டு கிடைத்தது, அவ்வளவுதான்.

தெருவில் உண்மையில் ஓடிய ஹான்சம் வண்டிக்கு வடிவம் கொடுத்தவர் ஜான் சாப்மன். ஓட்டியின் இருக்கையை வண்டியின் பின்புறம் உயரத்தில் ஏற்றியது 1836-இல் அவர் செய்த முக்கியமான மாற்றம். இந்தியாவுக்கும் அவர் அந்நியர் அல்லர். பம்பாயிலிருந்து உள்நாட்டுக்கு ரயில் பாதை போட வேண்டுமென்று லண்டனில் முனைந்து நின்ற கிரேட் இந்தியன் பெனின்சுலா ரயில்வேயின் தொடக்ககால ஊக்குநர்களில் முதன்மையானவர் இதே சாப்மன்தான். 1853 ஏப்ரல் 16 அன்று பம்பாயிலிருந்து தானே வரை ஓடிய முதல் பயணிகள் ரயில் அந்த நிறுவனத்தினுடையது.

ஹான்சமின் அமைப்பைக் கொஞ்சம் நெருங்கிப் பார்க்க வேண்டும். இரண்டு பெரிய சக்கரங்கள், நடுவில் இருவர் உட்காரும் பெட்டி. முன்புறம் திறந்திருக்கும், குதிரையின் குளம்பு தெறிக்கும் சேறு உடையில் படாமல் முழங்காலுக்கு முன்னால் இரண்டு மடிப்புக் கதவுகள் மூடிக்கொள்ளும். ஓட்டி பின்னால், கூரைக்கு மேலே தலை தெரிய உட்கார்ந்திருப்பார். கடிவாள வார்கள் கூரையின் மேலாக ஓடிக் குதிரையை எட்டும். கூரையில் ஒரு சிறு மூடி உண்டு. பயணி அதைத் தள்ளித் திறந்துதான் போகுமிடம் சொல்வார், இறங்குமுன் காசையும் அதன் வழியாகவே நீட்டுவார். முன்கதவுகளை ஓட்டி தன் இருக்கையிலிருந்தே நெம்புகோலால் பிடித்து வைக்கலாம் என்பதால் காசு கொடுக்காமல் நழுவுவது எளிதல்ல. பயணிக்கு எதிரே நகரம் தடையில்லாமல் விரியும். தன்னை ஏற்றிச் செல்லும் மனிதரின் முகம் மட்டும் பயணம் முழுவதும் கண்ணில் படாது.

குடும்பமாக, மூட்டை முடிச்சுகளோடு போகிறவர்களுக்கு நான்கு சக்கர வண்டி இருந்தது. கூரைமேல் பெட்டிகளை அடுக்கலாம். கற்சாலையில் அது எழுப்பிய கடகடப்பினால் 'உறுமி' என்று பட்டப்பெயர் பெற்றது. ரயில் நிலையங்களின் வாசலில் இந்த வண்டிக்குத்தான் கிராக்கி.

பதினெட்டு ஷில்லிங் கணக்கு

1850-இல் வண்டிகளின் மேற்பார்வை லண்டன் காவல்துறையின் கைக்குப் போனது. 1853-ஆம் ஆண்டுச் சட்டம் மைலுக்கு 6 பென்ஸ் என்று கட்டணத்தைக் குறைத்தது. 12 பென்ஸ் ஒரு ஷில்லிங், 20 ஷில்லிங் ஒரு பவுண்டு என்பது அன்றைய நாணயக் கணக்கு. ஆறு மைலுக்குட்பட்ட சவாரியை ஓட்டி மறுக்கவும் கூடாது. பயணிகளுக்கு இது நியாயமான பாதுகாப்பு. ஆனால் அவ்வாண்டு ஜூலை இறுதியில் லண்டனில் வண்டிகள் ஓடவில்லை. உரிமையாளர்களும் ஓட்டிகளும் சேர்ந்து வேலைநிறுத்தம் செய்தார்கள். கட்டணத்தில் விழுந்த வெட்டு கடைசியில் யார் தலையில் இறங்கும் என்பது அவர்களுக்குத் தெரிந்திருந்தது.

தொழிலின் உள்ளமைப்பை அந்த நூற்றாண்டின் நடுவில் பதிவு செய்தவர் ஹென்றி மேஹ்யூ. லண்டன் உழைப்பாளிகளைத் தேடிப்போய்ப் பேசி எழுதிய பத்திரிகையாளர் அவர். 'நீள்பகல் ஆட்கள்' என்று ஒரு பிரிவைக் குறிப்பிடுகிறார். காலை ஒன்பது, பத்து மணிக்கு லாயத்தை விட்டுக் கிளம்பினால் நள்ளிரவுக்குப் பிறகுதான் வீடு. இரவு முழுவதும் ஓட்டுகிறவர்கள் இன்னொரு பிரிவு. உரிமம் இழந்தவர்கள் அல்லது பெறாதவர்கள், மற்றவர் சாப்பிடப் போகும் நேரத்தில் அவருடைய வண்டியை வாங்கி ஓட்டி நாலு காசு பார்ப்பதும் உண்டு.

நாள் வாடகையின் பாரத்தை இலக்கியத்தில் நேரடியாகப் பேசியவர் அன்னா சூயல். 1877-இல் வந்த 'பிளாக் பியூட்டி' ஒரு குதிரை தன் வாழ்க்கையைச் சொல்லும் நாவல். நடக்கச் சிரமப்படுபவராக வாழ்ந்து, குதிரை வண்டியையே நம்பிப் பயணித்த சூயல், நூல் வெளிவந்த சில மாதங்களில் இறந்துபோனார். அதில் வரும் ஒரு வாடகை ஓட்டி, குதிரை சோர்ந்து நிற்பதற்காகக் கடிந்துகொள்ளப்படும்போது தன் கணக்கை எடுத்து வைக்கிறார். வசதியானவர்கள் லண்டனில் கூடும் 'சீசன்' காலத்தில் ஒரு வண்டிக்கும் இரண்டு குதிரைகளுக்குமாக நாளுக்கு 18 ஷில்லிங் உரிமையாளருக்குக் கட்ட வேண்டும். அதைச் சம்பாதித்த பிறகுதான் முதல் பென்னி தன்னுடையது.

அந்த 18 ஷில்லிங்கைச் சட்டம் நிர்ணயித்த கட்டணத்தோடு பொருத்திப் பார்ப்போம். 1870களில் நகர எல்லைக்குள் இரண்டு மைல் வரை ஒரு ஷில்லிங், அதற்கு மேல் மைலுக்கு 6 பென்ஸ். அப்படியானால் வாடகையைக் கட்டவே குறைந்தபட்சக் கட்டணத்தில் 18 சவாரி வேண்டும், அல்லது ஆளேற்றி 36 மைல் ஓட வேண்டும். சவாரி தேடி வெறும் வண்டியாகச் சுற்றியதும், நிறுத்தத்துக்குத் திரும்பியதும், மழையில் காத்து நின்றதும் இந்தக் கணக்கில் சேராது. இந்தத் தொகை நாவலில் வருவதுதான். ஆனால் அது சுட்டும் ஏற்பாடு கற்பனையல்ல. அந்த ஏற்பாட்டில் நட்டம் ஓட்டிக்கு மட்டுமே. ஊர் வெறிச்சோடிய நாளிலும் உரிமையாளரின் பணம் வந்து சேர்ந்துவிடும்.

சூயலின் நாவலில் நல்ல ஓட்டியாக வருபவர் சொந்த வண்டியும் ஆறுநாள் உரிமமும் வைத்திருப்பவர் என்பது தற்செயல் இல்லை. ஞாயிறு ஓடாத வண்டிகளுக்குத் தனி உரிமம் வழங்கும் முறை அன்று நடைமுறையில் இருந்தது. குதிரையிடம் இரக்கம் காட்டுவதற்கு மனம் மட்டும் போதாது, வாடகைக் கெடு தலைமேல் தொங்காத நிலையும் வேண்டும் என்பதை அவர் துல்லியமாகக் கண்டார். என் பார்வையில் அந்த நாவலின் மிகக் கூர்மையான சமூக விமரிசனம் இதுவே.

குதிரையின் பங்கு

பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் லண்டனில் 11,000-க்கும் மேற்பட்ட வாடகை வண்டிகள் ஓடின. ஹான்சம் ஒன்றுக்கு நாளுக்குக் குறைந்தது இரண்டு குதிரைகள் மாற்றிப் பூட்ட வேண்டும். குதிரை பூட்டிய பேருந்துகளுக்கு இன்னும் அதிகம், ஒரு பேருந்துக்குப் பத்துப் பன்னிரண்டு. சாலை வழுக்கி விழுவதும், மேட்டில் பாரம் இழுத்துக் கால் கெடுவதும் அன்றாடம். வசதியானவர் வீட்டு வண்டியில் தொடங்கும் குதிரை, வயதும் நோயும் ஏற ஏறக் கைமாறி, கடைசியில் வாடகை வண்டிக்கு வந்து சேரும். அங்கிருந்து அடுத்த இடம் குதிரைகளை வெட்டும் கூடம். அதன் இறைச்சி பூனைகளுக்கும் நாய்களுக்கும் தீனியாகத் தெருத்தெருவாக விற்கப்பட்டது.

விலங்குகளின் மீதான கொடுமையைத் தடுக்கும் சங்கம் 1824-இலேயே லண்டனில் தொடங்கப்பட்டது. மக்களுக்குக் குடிநீர் ஊற்றுகள் அமைக்க 1859-இல் தோன்றிய சங்கம், 1867 முதல் கால்நடைகளுக்கான தொட்டிகளையும் சேர்த்துக்கொண்டது. குதிரைக்குத் தண்ணீர் காட்டும் அந்தக் கருங்கல் தொட்டிகள் சில இன்றும் லண்டன் சாலையோரங்களில் இருக்கின்றன. தெருவில் குதிரைக்குத் தீனி வைப்பதாக இருந்தால் வாயில் கட்டும் பையில்தான் தானியம் தர வேண்டும், வைக்கோல் என்றால் கையால்தான் ஊட்ட வேண்டும் என்று 1831 சட்டம் விதித்தது. லண்டன் டாக்ஸிகள் இன்றும் ஒரு கட்டு வைக்கோல் வைத்திருக்கச் சட்டப்படி கடமைப்பட்டவை என்று பரப்பப்படும் கதைக்கு ஆதாரம் கிடையாது.

அதே வகையில் இன்னொரு கதையும் திரும்பத் திரும்பச் சொல்லப்படுகிறது. ஐம்பது ஆண்டுகளில் லண்டன் தெருக்கள் ஒன்பதடி உயரச் சாணத்தில் புதைந்துவிடும் என்று 1894-இல் 'தி டைம்ஸ்' நாளிதழ் கணித்ததாம். அப்படி ஒரு கட்டுரை அந்த இதழின் பழைய தொகுப்புகளில் கண்டெடுக்கப்படவில்லை. ஆனால் சாணப் பிரச்சினை பொய்யில்லை. ஒரு குதிரை நாளுக்குப் பத்துக் கிலோ அளவில் சாணமிடும். தெருவைக் கடப்பவர்களுக்கு வழி கூட்டிவிட்டுக் காசு வாங்குவதே சில ஏழைகளுக்குப் பிழைப்பாக இருந்தது. அந்தச் சாணத்தில் நின்று வேலை செய்தவர்களைவிட, கணிக்கப்படாத ஒரு பேரழிவு நம் காலத்தில் அதிகம் பேசப்படுகிறது என்பது வருத்தத்துக்குரியது.

பச்சைக் குடில்கள்

நிறுத்தத்தில் வண்டியை ஆளில்லாமல் விட்டுப் போவது குற்றம். சூடாக ஒருவாய் சாப்பிட வேண்டுமென்றால் வண்டியைப் பார்த்துக்கொள்ள யாருக்காவது காசு கொடுக்க வேண்டும். ஒதுங்க இடமென்று இருந்தது மதுக்கடைதான். இதைப் பார்த்து 1875-இல் ஷாஃப்ட்ஸ்பரி பிரபுவும், பத்திரிகை ஆசிரியர் ஜார்ஜ் ஆம்ஸ்ட்ராங்கும் முன்னின்று வண்டிக்காரர் குடில் நிதியை உருவாக்கினார்கள். பொதுச்சாலையில் நிற்பதால் குடில் ஒரு குதிரையும் வண்டியும் அடைக்கும் இடத்துக்கு மேல் போகக்கூடாது என்பது காவல்துறையின் நிபந்தனை. பச்சை வண்ணம் பூசிய மரச்சுவர், ஓரத்தில் சிறு அடுப்பு, சுவரை ஒட்டிப் பத்துப் பன்னிரண்டு பேர் நெருக்கி உட்காரும் பலகை. குடியும் சூதும் கூடாது. 1914 வரை 61 குடில்கள் எழுந்தன. இன்று 13 எஞ்சியுள்ளன. எல்லாமே பாதுகாக்கப்பட்ட சின்னங்கள்.

குடில்கள் நல்லெண்ணத்தின் வெளிப்பாடு. குளிரிலிருந்து அவை காத்தன. பதினாறு மணிநேரம் ஏன் குளிரில் நிற்க வேண்டியிருந்தது என்ற கேள்வியை அவை தொடவில்லை.

ஓட்டிகளிடம் அரசு எதிர்பார்த்ததோ நாளுக்கு நாள் கூடியது. 1851 பெருங்கண்காட்சிக்கு வந்த பயணிகள், ஓட்டிகளுக்கு வழி தெரியவில்லை என்று முறையிட்டார்கள். 1865 முதல் நகரத்தின் தெருக்களை மனப்பாடமாக அறிந்தவர்க்கே உரிமம் என்ற தேர்வு நிலைபெற்றது. இன்று அது சேரிங் கிராஸைச் சுற்றி ஆறு மைலுக்குள் உள்ள சுமார் 25,000 தெருக்களைக் கேட்கிறது. அத்தேர்வில் தேறிய டாக்ஸி ஓட்டுநர்களின் மூளையில் இடநினைவோடு தொடர்புடைய ஹிப்போகேம்பஸின் பின்பகுதி பெரிதாக இருப்பதை எலினோர் மக்வையரின் குழு 2000-இல் வெளியிட்ட ஆய்வு காட்டியது. குதிரை வண்டிக்காரர்களும் இத்தகைய அறிவைத்தான் தலையில் சுமந்தார்கள். அதற்கு மதிப்போ கூலியோ கிடைக்கவில்லை. 1887-இல் வந்த முதல் ஷெர்லாக் ஹோம்ஸ் நாவலில் கொலையாளி ஒரு வண்டிக்காரர். ஊர் முழுக்க ஒருவரைப் பின்தொடர்ந்தாலும் யாரும் சந்தேகப்படாத ஆள் அவர்தான் என்பது கதையின் முடிச்சு. அந்தச் சமூகம் வண்டிக்காரரைப் பார்த்தும் பார்க்காமலிருந்ததை கானன் டாயில் நன்றாக அறிந்திருந்தார்.

வாடகை பேசப்பட்ட ஆண்டு

1894-இல் ஓட்டிகள் உரிமையாளர்களுக்கு எதிராகவே வேலைநிறுத்தம் செய்தார்கள். கோரிக்கை நேரடியானது: நாள் வாடகையைக் குறை. உள்துறை அமைச்சர் ஆஸ்க்வித் நடுவராக அமர்ந்து, சீசனுக்கேற்ப வண்டி வாடகை ஏறி இறங்கும் ஓர் அட்டவணையைத் தீர்ப்பாக அளித்தார். பெய்லியின் காலத்திலிருந்து இருநூற்றறுபது ஆண்டுகள் கழித்து, வண்டிக்காரர் கட்டும் தொகை முதல்முறையாக அரசின் மேசைக்கு வந்தது. அந்தப் போராட்டத்தின் நிஜமான வெற்றி, தொகை எவ்வளவு குறைந்தது என்பதைவிட இதில்தான் இருக்கிறது.

இன்னொரு மறைமுக வாடகையும் இருந்தது. ரயில் நிலையங்களுக்குள் சவாரி பிடிக்க, ரயில்வே நிறுவனத்துக்குப் பணம் கட்டிய வண்டிகளுக்கே அனுமதி. 1907-ஆம் ஆண்டுச் சட்டம் அந்தச் சலுகை முறையை ஒழித்தது. மோட்டார் வண்டிகளில் டாக்ஸிமீட்டர் கட்டாயமானதும் அதே ஆண்டில்தான்.

அதற்குள் குதிரையின் காலம் மலையேறத் தொடங்கிவிட்டது. வால்டர் பெர்சியின் மின்சார வண்டிகள் 1897-இல் லண்டன் தெருவுக்கு வந்து, இரண்டே ஆண்டுகளில் தோற்று நின்றன. 1903-இல் பெட்ரோல் வண்டி வந்தது. 1910 அளவில் மோட்டார் வண்டிகள் எண்ணிக்கையில் குதிரை வண்டிகளை முந்திவிட்டன. கடைசிக் குதிரை வண்டியின் உரிமம் 1947 ஏப்ரலில் ஒப்படைக்கப்பட்டது.

குதிரை போனது, தகராறு போகவில்லை. 1913 தொடக்கத்தில் லண்டன் டாக்ஸி ஓட்டுநர்கள் மீண்டும் வேலைநிறுத்தம் செய்தார்கள். ஏறிய பெட்ரோல் விலையை யார் ஏற்பது என்பதுதான் கேள்வி. தீனிச் செலவு எரிபொருள் செலவானது. சுமையைக் கீழே தள்ளும் பழக்கம் அப்படியே தொடர்ந்தது.

சென்னைக்கு வந்த சட்டம்

லண்டனில் உருவான இந்தச் சட்ட வார்ப்பு கடல் கடந்தது. 1879-இல் இந்தியாவுக்கான வாடகை வண்டிச் சட்டம் வந்தது. 1911-இல் சென்னை மாகாணத்துக்கென்றே ஒரு சட்டம் இயற்றப்பட்டது. பிற்காலத்தில் அது தமிழ்நாட்டின் பெயரையே தாங்கியது. இங்கே அந்தச் சட்டத்தின் கீழ் வந்தவை ஜட்கா வண்டிகள். வில்லாக வளைந்த கூண்டு, பின்பக்கமாக ஏறிச் சம்மணமிட்டு உட்கார வைக்கோல் மெத்தை, எடை சமன்படப் பயணிகளை முன்னே பின்னே நகரச் சொல்லும் வண்டிக்காரர். வண்டியின் உருவம் முற்றிலும் நம்முடையது, உரிமமும் கட்டணமும் பற்றிய சிந்தனை லண்டனுடையது. பயணியை மட்டும் பார்க்கும் அதன் ஒற்றைக் கண்ணும் கூடவே வந்தது.

2013 ஆகஸ்டில் தமிழக அரசு சென்னை ஆட்டோக்களுக்கு முதல் 1.8 கிலோமீட்டருக்கு 25 ரூபாய், அதன்பின் கிலோமீட்டருக்கு 12 ரூபாய் என்று கட்டணம் நிர்ணயித்தது. பயணி தர வேண்டியதைச் சொன்ன ஆணை அது. சொந்த வண்டி இல்லாத ஓட்டுநர் உரிமையாளருக்கு நாள்தோறும் கட்டும் வாடகை அவர்கள் இருவருக்கும் இடையிலான விஷயமாகவே இருக்கிறது. மீட்டருக்கு மேல் கேட்கும் ஓட்டுநரைத் திட்டுகிறோம்; அவர் காலையில் எவ்வளவு கடனோடு வண்டியை எடுத்தார் என்று கேட்பதில்லை. இப்போது செயலிகள் வந்திருக்கின்றன. உரிமையாளருக்குக் கட்டும் வாடகையோடு நிறுவனத்துக்குக் கட்டும் கழிவோ சந்தாவோ சேர்ந்திருக்கிறது.

பயணியின் கட்டணத்துக்கு வரம்பு வேண்டும் என்பதில் ஐயமில்லை. அவசரத்தில், மழையில், இரவில் நிற்பவரை யாரும் சுரண்டக்கூடாது. ஆனால் ஒரு பக்கத் தொகைக்கு மட்டும் கரை கட்டினால் வெள்ளம் மறுபக்கம் பாயும் என்பதை லண்டனின் முந்நூறு ஆண்டுகள் காட்டுகின்றன. அங்கே அந்தப் பக்கம் நின்றவர்கள் பதினாறு மணிநேரம் உழைத்த ஓட்டிகளும், ஓய்வில்லாமல் இழுத்துச் செத்த குதிரைகளும். ஆகவே கட்டணத்தை மாற்றும் ஒவ்வோர் அரசாணையிலும் வண்டி வாடகைக்கும் செயலிக் கழிவுக்கும் உச்சவரம்பு சேர்ந்தே வர வேண்டும். 1894-இல் ஓர் உள்துறை அமைச்சர் ஒருமுறை செய்து காட்டிய காரியம்தான் அது. இன்றைக்குச் செய்ய முடியாதது என்று யாரும் சொல்ல முடியாது.